ஈஸ்ட் ஆலையில் வேலை பார்த்த நுண்ணுயிர் வேட்டைக்காரர்

மார்ட்டினஸ் பெய்ஜெரிங்க். ஸ்கூல் பயாலஜி புத்தகத்துல வைரஸ் பாடத்தில் தலைகாட்டிட்டுப் போன பெயர். ஆனா இவர் காலேஜ்ல படிச்சது கெமிக்கல் இன்ஜினியரிங். நம்ம ஆளுதாங்க!

1851-ல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தார். டெல்ஃப்ட் பாலிடெக்னிக்கில் படிக்கும்போது நெருங்கிய நண்பர் யார் தெரியுமா? பின்னாளில் வேதியியலின் முதல் நோபல் பரிசை வாங்கிய வான்ட் ஹாஃப். படிப்பு முடிந்து விவசாயப் பள்ளியில் வாத்தியார் வேலை, செடிகளில் வரும் கட்டிகளைப் பற்றி முனைவர் பட்டம். 1885-ல் டெல்ஃப்டில் இருந்த ஈஸ்ட் ஆலையின் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

அடுத்த வருஷமே ஜெர்மனியில் ஹெல்ரீகல் ஒரு விஷயத்தை அறிவித்தார். பயறு வகைச் செடிகள் காற்றிலிருக்கும் நைட்ரஜனை எடுத்துக்கொள்கின்றன, அதற்கு வேர் முடிச்சுகளே காரணம். சரி, முடிச்சுக்குள்ள இருக்கிறது யாரு? 1888-ல் பெய்ஜெரிங்க் அந்த பாக்டீரியாவைத் தனியாகப் பிரித்து வளர்த்துக் காட்டினார். இன்று அதன் பெயர் ரைசோபியம். ஆனா ஒரு சிக்கல். செடியிலிருந்து பிரித்து வளர்த்தால் அது நைட்ரஜனைப் பிடிப்பதை அவரால் காட்ட முடியல. இந்த இடம் அவரை ரொம்பவே படுத்தியது.

1895-ல் படித்த டெல்ஃப்டுக்கே பேராசிரியராகத் திரும்பினார். இங்கேதான் அவருடைய மூளை பளிச்சிடுது. மண்ணில் கோடிக்கணக்கான கிருமிகள். ஒவ்வொன்றாத் தேடினா ஆயுசு போதாது. அதனால் தண்ணீரில் மேனிட்டால் என்ற சர்க்கரை வகையையும் கொஞ்சம் பாஸ்பேட் உப்பையும் கலந்தார். நைட்ரஜன் உப்பு எதையும் சேர்க்கவில்லை. அதில் ஒரு சிட்டிகை தோட்டத்து மண். காற்றிலிருந்து நைட்ரஜனை எடுக்கத் தெரிந்தவன் மட்டும் பிழைப்பான், மத்ததெல்லாம் பட்டினி! சில நாளில் மேலே ஏடு படிந்தது. 1901-ல் அதற்கு அசோட்டோபாக்டர் என்று பெயர் வைத்தார். எந்தச் செடியின் துணையும் இல்லாமல் தனியாக வாழும் ஒற்றைச் செல் உயிர்.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆனா அதன் முப்பிணைப்பை உடைக்க ஹேபர் முறையில் 400 டிகிரிக்கு மேல் வெப்பமும் நூறு மடங்குக்கும் மேலான அழுத்தமும் வேணும். இந்தச் சின்னப் பய அதை சாதாரண மண்ணுல, நொதியை வெச்சே முடிச்சிடுறான்.

மனுஷன் கோபக்காரர், மாணவர்கள் நடுங்குவாங்களாம். கல்யாணமும் பண்ணிக்கல. நோபல் பரிசும் வரல. 1921-ல் 70 வயதில் ஓய்வு பெற்று, சகோதரிகளோடு கோர்சல் கிராமத்துக்குப் போனார். மறுபடியும் செடிகளைப் பார்க்க ஆரம்பித்தார். 1931 ஜனவரி 1-ஆம் தேதி அங்கேயே காலமானார்.