தென்னாட்டைத் தீட்டிய தூரிகை – தாமஸ் டேனியல்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்)

கண்ணால் காண்பது ஒன்று. கண்டதைக் கையால் வரைந்து பார்ப்பது வேறொன்று. ஆயிரம் முறை ஒரு மரத்தின் கீழ் நடந்து சென்றாலும் அதன் இலை எப்படிக் கிளையில் அமர்ந்திருக்கிறது என்று கேட்டால் திகைப்போம். ஒரே ஒரு முறை அதைப் பென்சிலால் வரைந்துவிட்டால் வாழ்நாள் முழுவதும் மறக்க மாட்டோம். தாவரவியல் மாணவர்களாகிய நாங்கள் ரெக்கார்டு நோட்டு எழுதும்போதெல்லாம் உணரும் உண்மை இது.

திருமலை நாயக்கர் மகாலைப் பார்க்காத மதுரைக்காரர் இல்லை. புதுமண்டபத்தின் வழியே நடக்காதவரும் இல்லை. ஆயினும் இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, ஒளிப்படக் கருவி என்ற ஒன்று உலகில் தோன்றுவதற்கு முன்பே, அயல்நாட்டு ஓவியர் இருவர் இதே மதுரை வீதிகளில் தாளும் பென்சிலுமாக அலைந்தனர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர்களுள் மூத்தவரான தாமஸ் டேனியலின் வாழ்க்கையைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் இளமையும்

தாமஸ் டேனியல் 1749ஆம் ஆண்டு இங்கிலாந்தில், தேம்ஸ் நதிக்கரையில் உள்ள கிங்ஸ்டன் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய தந்தை விடுதி நடத்திப் பிழைத்தவர். செல்வக் குடும்பமும் அன்று. கல்விக் குடும்பமும் அன்று. ஆகவே இளமையிலேயே அவர் தொழில் கற்க அனுப்பப்பட்டார். செல்வர்களின் குதிரை வண்டிகளில் அவரவர் குலச்சின்னங்களை வண்ணம் தீட்டும் தொழில் அது. பிறருடைய பெருமையைப் பிறருடைய வண்டியில் எழுதும் அந்த வேலையில்தான் அவருடைய கை பழகியது. சுவர் இருந்தால்தானே சித்திரம் எழுதலாம் என்பார்கள். தாமசுக்கு முதல் சுவராக வாய்த்தது வண்டிக் கதவு!

ஆயினும் அவர் மனம் அத்துடன் நிறைவடையவில்லை. 1773ஆம் ஆண்டு இலண்டனில் உள்ள இராயல் அகாதெமியின் ஓவியப் பள்ளியில் சேர்ந்து பயின்றார். இயற்கைக் காட்சிகளை வரைந்து கண்காட்சிகளில் வைத்தார். ஆனால் இலண்டனில் இயற்கைக் காட்சி வரைவோருக்குப் பஞ்சமில்லை. போட்டி மிகுந்திருந்தது, வருவாய் குறைவாக இருந்தது. எவரும் பாராத நாட்டைப் பார்த்து வரைந்தால் மட்டுமே தமக்கு ஒரு வழி பிறக்கும் என்று அவர் கருதினார். வில்லியம் ஹாட்ஜஸ் என்ற ஓவியர் 1780 முதல் 1783 வரை இந்தியாவில் சுற்றி வரைந்து திரும்பியிருந்த நேரம் அது.

கிழக்கிந்தியக் கம்பெனியிடம் அனுமதி பெற்று, 1785ஆம் ஆண்டு ஏப்ரலில் தாமஸ் கப்பலேறினார். உடன் சென்றவர் அவருடைய உடன்பிறந்தார் மகன் வில்லியம். 1769இல் பிறந்த அச்சிறுவன் இளம்வயதிலேயே தந்தையை இழந்தவன். மீசை அரும்பாத வயதில் உதவியாளனாகப் புறப்பட்ட வில்லியம், பின்னாளில் தாமசுக்கு நிகரான ஓவியராக விளங்கினார்.

வங்கம் முதல் இமயம் வரை

இருவரும் சீனா வழியாக 1786இன் தொடக்கத்தில் கல்கத்தா வந்து சேர்ந்தனர். அந்நகரின் காட்சிகளைப் பன்னிரண்டு அச்சுப் படங்களாக வெளியிட்டனர். செப்புத் தகட்டில் செதுக்குவதும் அச்சிடுவதும் அந்நாளில் கல்கத்தாவில் எளிதாக இல்லை. உள்ளூர்க் கைவினைஞர்களின் துணையுடன் தாமஸ் தாமே எல்லா வேலைகளையும் செய்ய வேண்டியிருந்தது. 1788இல் அந்தப் படங்கள் முடிந்தன. கையில் கொஞ்சம் பணமும் சேர்ந்தது.

அவ்வாண்டு செப்டம்பரில் கங்கையாற்றில் படகேறினர். ஆக்ரா, தில்லி வழியாகச் சென்று, 1789இல் இமயமலைச் சாரலில் உள்ள கார்வால் ஸ்ரீநகரை அடைந்தனர். ஐரோப்பியர் அரிதாகவே சென்ற மலைநாடு அது. மூன்று ஆண்டுகள் சுற்றிய பின் 1791இல் கல்கத்தா திரும்பி, வரைந்த ஓவியங்களைக் குலுக்கல் முறையில் விற்று அடுத்த பயணத்துக்குப் பொருள் சேர்த்தனர். அந்த அடுத்த பயணம்தான் நம் தமிழகப் பயணம்.

வரைந்த முறை

அவர்கள் எவ்வாறு வரைந்தார்கள் என்பது அறிவியல் மாணவர்களுக்குச் சுவையான செய்தி. ‘கேமரா அப்ஸ்கியூரா’ என்னும் இருட்டுப் பெட்டி ஒன்றைத் தம்முடன் எடுத்துச் சென்றனர். பெட்டியின் முகப்பில் உள்ள வில்லை வழியாக ஒளி புகும். எதிரே உள்ள கோபுரமோ மலையோ உள்ளே இருக்கும் தாளின் மீது சிறு உருவமாக விழும். அதன் கோடுகளைப் பென்சிலால் பின்பற்றி வரைந்துகொள்வர். இயற்பியல் வகுப்பில் நாம் படிக்கும் வில்லைப் பாடமே இது. இக்காலத்து ஒளிப்படக் கருவிக்கு இதுவே பாட்டன்; ஒன்றே குறை, படத்தைப் பதிய வைக்க மனிதக் கை வேண்டும்.

பென்சில் கோடுகளின் மேல் நீர்வண்ணம் மெல்லப் பூசப்படும். பாதையில் தூரத்தை அளக்கச் சக்கரக் கருவி ஒன்றும் வைத்திருந்தனர். வில்லியம் நாட்குறிப்பு எழுதினார். ஹாட்ஜஸ் வரைந்த படங்களையும் கையோடு கொண்டு சென்று, அதே இடங்களில் நின்று ஒப்பிட்டுப் பார்த்தனர். எங்கே உள்ளபடி இல்லையோ அங்கே தாம் உள்ளபடி வரைய முயன்றனர். அழகு வேண்டும், அதனினும் உண்மை வேண்டும் என்பதே அவர்களது கொள்கை எனலாம்.

தமிழகத்தில்

1792ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் இருவரும் சென்னை வந்து இறங்கினர். திப்பு சுல்தானுக்கும் கம்பெனிக்கும் நடந்த மூன்றாம் மைசூர்ப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. ஏப்ரலில் அவர்கள் புறப்பட்டபோது, பல்லக்கு தூக்குவோர், சுமை சுமப்போர், சமையற்காரர் என நாற்பதுக்கும் மேற்பட்டோர் உடன் சென்றனர். கோடை வெயிலில் பெங்களூர் வரை சென்று, ஒசூர், இராயக்கோட்டை, சங்ககிரி ஆகிய மலைக்கோட்டைகளை வரைந்து தெற்கே இறங்கினர். காவிரியாற்றிலிருந்து திருச்சி மலைக்கோட்டை தோன்றும் அழகை வரைந்தனர். பின்னர் மதுரை வந்தனர்.

அவர்கள் கண்ட மதுரை இன்றைய மதுரை அன்று. நகரைச் சுற்றிக் கோட்டை மதிலும் அகழியும் இருந்தன. திருமலை நாயக்கர் கட்டிய அரண்மனையோ சிதைந்து கிடந்தது. அவருடைய பேரன் சொக்கநாத நாயக்கர் காலத்திலேயே அதன் பகுதிகள் பெயர்க்கப்பட்டுத் திருச்சிக்குக் கொண்டு செல்லப்பட்டன என்பது வரலாறு. அந்த இடிபாட்டையும், எஞ்சி நின்ற அரண்மனைப் பகுதியையும், கோட்டைக்குள் தோன்றிய காட்சியையும், புதுமண்டபத்தையும் டேனியல்கள் வரைந்தனர்.

இங்கே சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்கள் வந்து சென்ற ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டை இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. அந்த இடத்தில்தான் இன்று வெளிவீதிகள் ஓடுகின்றன. அப்பணியோடு தொடர்புடைய பெருமாள் மேஸ்திரியின் பெயரும் மாரட் துரையின் பெயரும் வீதிப் பெயர்களாக நிலைத்துவிட்டன. பெரியார் பேருந்து நிலையத்தின் அருகே எஞ்சி நிற்கும் கொத்தளத் துண்டைப் பார்த்து முழுக் கோட்டையையும் மனத்தில் கட்டுவது யாருக்கு இயலும்? அரண்மனையும் நேப்பியர் பிரபு சென்னை ஆளுநராக இருந்த காலத்தில், 1866க்கும் 1872க்கும் இடையே, பழுது பார்க்கப்பட்டு வேறு தோற்றம் பெற்றது. லின்னேயஸ் டிரைப் என்பவர் 1858இல் மதுரையை ஒளிப்படம் எடுத்தார். அப்போது கோட்டை போய்விட்டது. கோட்டைக்குள் இருந்த மதுரையை நம் கண்முன் நிறுத்த டேனியல்களின் கோடுகள்தாம் துணை செய்கின்றன.

புதுமண்டபத்தின் 124 தூண்களுக்கு நடுவே நாயக்க மன்னர்களின் ஆளுயரச் சிலைகள் நிற்கின்றன. அண்மைக்காலம் வரை அங்கே தையற்காரர்களின் இயந்திர ஓசையும் புத்தகக் கடைகளின் கூட்டமும் நிறைந்திருந்தன. பள்ளிப் புத்தகம் வாங்கவும் சட்டை தைக்கவும் சென்ற நம்மில் பலர், தலைக்கு மேலே நின்ற திருமலை நாயக்கரை நிமிர்ந்து பார்த்ததில்லை. கடல் கடந்து வந்தவர் பார்த்தார், வரைந்தார்.

மதுரையிலிருந்து தெற்கே சென்று பாபநாசத்தில் தாமிரபரணி பாறையிலிருந்து வீழும் அருவியையும், களக்காட்டின் அருகிலிருந்து தோன்றும் தென்கோடி மலைகளையும் வரைந்தனர். கட்டடத்தின் முன் கணக்காளராக இருந்த தாமஸ், அருவியின் முன் கவிஞரானார் என்றால் மிகையாகாது. பின்னர் இராமேசுவரம் கண்டனர். தஞ்சைப் பெரிய கோயிலையும் நந்தியையும் வரைந்தனர். மாமல்லபுரத்துச் சிற்பப் பாறைகளும் அவர்கள் ஏட்டில் இடம்பெற்றன. சென்னையில் மீண்டும் ஒரு குலுக்கல் நடத்தியபின், 1793இன் தொடக்கத்தில் பம்பாய்க்குக் கப்பலேறினர். அங்கே எலிபெண்டா முதலிய குகைகளை வரைந்தனர். 1794 செப்டம்பரில் தாயகம் சேர்ந்தனர்.

பதினான்கு ஆண்டுத் தவம்

பயணம் முடிந்தது, உழைப்பு முடியவில்லை. 1795 முதல் 1808 வரை ‘ஓரியண்டல் சீனரி’ என்னும் பெருநூலை ஆறு பகுதிகளாக வெளியிட்டனர். பகுதிக்கு 24 படங்கள் வீதம் மொத்தம் 144 படங்கள். செப்புத் தகட்டில் குங்கிலியத் தூளைத் தூவிச் சூடாக்கி ஒட்ட வைத்து, அமிலத்தில் இட்டு அரிக்கச் செய்து, அந்த அரிப்பின் ஆழத்துக்கேற்ப நிழலும் ஒளியும் வரவழைக்கும் ‘அக்வாடின்ட்’ முறையில் அவை அச்சாயின. வேதியியல் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அமிலம் ஒரு நொடி அதிகம் தங்கினால் வானமெல்லாம் கறுத்துவிடும்! அச்சிட்டபின் கையாலும் வண்ணம் தீட்டினர்.

1799இல் தாமஸ் இராயல் அகாதெமியின் முழு உறுப்பினரானார். வண்டிக் கதவில் தொடங்கிய கை எட்டிய உயரம் அது. அவர் மணம் செய்துகொள்ளவில்லை. வில்லியம் பின்னர் பிரிட்டனின் கடற்கரை முழுவதையும் சுற்றி 308 படங்கள் வெளியிட்டு, 1837இல் மறைந்தார். பெற்ற மகனைப் போல வளர்த்தவனைத் தமக்கு முன்னே இழந்த தாமஸ், 1840ஆம் ஆண்டு மார்ச்சு 19ஆம் நாள், தொண்ணூறு வயதில் இலண்டனில் காலமானார். ஒளிப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்ட 1839ஆம் ஆண்டுக்கு மறு ஆண்டு அது!

நாம் கொள்ள வேண்டியவை

டேனியலைப் போற்றும்போது ஒன்றை மறக்கலாகாது. அவர் வந்தது கம்பெனியின் அனுமதியோடு. நடந்தது படை சென்ற பாதையில். கம்பெனி ஆட்சி விரிந்த காலத்தில், அந்நாட்டின் சிதைந்த அரண்மனைகளை இலண்டன் செல்வர்கள் தம் மாளிகையில் அமர்ந்து ரசித்தனர். ஓவியருடைய பெயரை உலகம் அறியும்; அவருடைய பல்லக்கையும் இருட்டுப் பெட்டியையும் வெயிலில் சுமந்து வந்த நம் முன்னோரின் பெயரை யார் அறிவார்? என் போன்று, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்களுக்கு இக்கேள்வி எழாமல் இராது. சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் கையில் இன்று பென்சில் இருக்கிறது. அதை என்ன செய்யப் போகிறோம் என்பதே கேள்வி.

1990களில் அன்டோனியோ மார்ட்டினெல்லி என்னும் இத்தாலிய ஒளிப்படக் கலைஞர், டேனியல்கள் நின்ற இடங்களைத் தேடிச் சென்று அதே கோணத்தில் ஒளிப்படம் எடுத்தார். பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்தால் எது நின்றது, எது போனது என்பது விளங்குகிறது. ஒரு குறிப்பேட்டின் பயன் அது.

மேலூர்ப் பக்கத்துக் குன்றுகள் பல கிரானைட் கல்லுக்காக வெட்டப்பட்டு, இருந்த இடம் பள்ளமாகிவிட்டதை நாம் கண்டிருக்கிறோம். அவை முன்பு எப்படி நின்றன என்று காட்ட ஒரு சிறு கோட்டோவியம்கூட நம் ஊர்களில் இல்லை. அரிட்டாபட்டி 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அப்படிப் பெயர் பெறாத குன்றுகளும் கண்மாய்களும் எத்தனையோ!

இன்று எல்லோர் கையிலும் கைபேசி உண்டு. நொடியில் நூறு படம் எடுக்கிறோம். மறுநாள் அவற்றை நாமே பார்ப்பதில்லை. மாணவ நண்பர்களே! நாற்பது பக்கக் கோடில்லா நோட்டும் ஓர் எச்.பி. பென்சிலும் போதும். யானைமலையின் முதுகு எங்கே வளைகிறது, கீழக்குயில்குடிச் சமணர் மலைக்குக் கீழே தாமரைக் குளம் எப்படிப் படுத்திருக்கிறது, வைகை மணலில் எந்தச் செடி முளைத்திருக்கிறது என்று நின்று பார்த்து வரையுங்கள். நாளும் இடமும் குறித்து வையுங்கள். கோடு கோணினாலும் குற்றமில்லை. உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

தம் ஊரல்லாத ஊரை வரைய ஒருவர் ஒன்பது ஆண்டுகள் அலைந்து, பதினான்கு ஆண்டுகள் செப்புத் தகட்டோடு உழைத்தார். நம் ஊரை வரைய நாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தரலாகாதா?