துயரத்தின் நடுவிலும் நகைத்த கவிஞர் மிர்சா காலிப்

பெருந்துன்பங்களைச் சந்தித்த மனிதர்கள் சிரிக்கலாமா, சிறு இன்பங்களில் மனத்தைச் செலுத்தலாமா என்ற கேள்வி எக்காலத்திலும் எழுந்தே வந்திருக்கின்றது. துயரம் நிகழ்ந்த இடத்தில் நகைச்சுவை பேசுவதை இறந்தோருக்குச் செய்யும் அவமரியாதையாகக் கருதுவோர் எம்மிடையே பலர் உளர். அக்கருத்தில் நியாயம் இல்லையெனக் கூறிவிடவும் முடியாது. எனினும், 19 ஆம் நூற்றாண்டில் டில்லி மாநகரில் வாழ்ந்து மறைந்த உருதுக் கவிஞர் மிர்சா காலிபின் வாழ்க்கை இக்கேள்விக்கு வேறொரு விடையைத் தருகின்றது என்பதே எமது எண்ணமாகும். பெற்ற பிள்ளைகள் அனைவரையும் பறிகொடுத்து, கடனிலும் வழக்கிலும் உழன்று, சிறைவாசம் அனுபவித்து, தாம் நேசித்த நகரமே சிதைவதைக் கண்ணாற் கண்டவர் அவர். அவ்வாறிருந்தும் இரவு நேரத்து ஒரு கிண்ணம் மதுவையும், கூடை நிறைந்த மாம்பழங்களையும், நண்பர்களுடனான வேடிக்கைப் பேச்சையும் அவர் இறுதிவரை கைவிடவில்லை.

அஸதுல்லாஹ் பேக் கான் என்ற இயற்பெயர் கொண்ட காலிப், 1797 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 27 ஆம் திகதி ஆக்ராவில் பிறந்தார். மத்திய ஆசியாவிலிருந்து இந்தியா வந்து போர்த்தொழில் புரிந்த துருக்கிய வம்சம் அவருடையது. தந்தையார் போர்க்களத்தில் உயிர்துறந்தபோது காலிபுக்கு ஐந்து வயது. அதன் பின்னர் அவரைப் பராமரித்து வந்த சிறிய தந்தையாரும் 1806 ஆம் ஆண்டில் காலமானார். தாயாரின் இல்லத்தில் வளர்ந்த அந்தச் சிறுவனுக்குப் பட்டம் விடுவதிலும் சதுரங்கம் ஆடுவதிலும் இருந்த மோகம் அளவற்றது. அயல்வீட்டு இந்துத் தோழருடன் நள்ளிரவுவரை சதுரங்கம் ஆடிய அந்நாட்களை, முதுமையில் அத்தோழரின் பேரனுக்கு எழுதிய கடிதமொன்றில் அவர் ஆசையோடு நினைவுகூர்ந்துள்ளார்.

1810 ஆம் ஆண்டில், தமது 13 ஆவது வயதில், உம்ராவ் பேகத்தை அவர் மணந்தார். சில ஆண்டுகளில் டில்லியிற் குடியேறிய அவர் தமது ஆயுளின் எஞ்சிய பகுதியை அங்கேயே கழித்தார். ஏழு பிள்ளைகள் பிறந்தும் ஒன்றேனும் மழலைப் பருவத்தைத் தாண்டவில்லை. பின்னர் மனைவியின் உறவினரான ஆரிப் என்ற இளங்கவிஞரைத் தம் மகனாக ஏற்றுக்கொண்டார். அவரும் 1852 ஆம் ஆண்டில் இளவயதிலேயே மறைந்தார். ஆரிபின் இரு சிறுவர்களையும் வளர்த்து ஆளாக்கும் பொறுப்பை, கடன் சுமை அழுத்திக்கொண்டிருந்த அந்நிலையிலும் காலிப் தம் தோள்மீது சுமந்தார்.

சிறிய தந்தையாரின் சேவைக்காக ஆங்கிலேய ஆட்சியினர் வழங்கிய குடும்ப மானியத்தில் அவருக்குக் கிடைத்த பங்கு ஆண்டுக்கு 750 ரூபா மட்டுமே. பிரபுக் குடும்பத்துப் பழக்கவழக்கங்களைக் கைவிட இயலாத ஒருவருக்கு இத்தொகை போதுமானதாக இருக்கவில்லை. தமக்கு உரிய பங்கு மறுக்கப்பட்டுள்ளது என முறையிடுவதற்காக 1826 ஆம் ஆண்டில் அவர் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார். வழியில் லக்னோவிலும் காசியிலும் தங்கி, 1828 இல் அந்நகரை அடைந்தார். காசி நகரின் அழகில் மனத்தைப் பறிகொடுத்து அவர் இயற்றிய பாரசீகக் கவிதை இன்றும் போற்றப்படுகின்றது.

அவர் வேண்டி நின்ற நீதி கல்கத்தாவிற் கிட்டவில்லை. ஆயினும் அந்நகரின் மாம்பழங்களும் மதுவும் கவிஞர் சபைகளும் அவரைக் கவர்ந்தன. அங்கு நடந்த ஒரு கூட்டத்தில் நண்பரொருவர் ஒரு பாக்கை உள்ளங்கையில் வைத்து, இதனைப் பற்றிப் பாடுங்கள் எனக் கேட்க, காலிப் அவ்விடத்திலேயே உவமைக்கு மேல் உவமையாக அடுக்கி ஒரு கவிதை பாடி முடித்தார். வழக்கு ஆட்டங்கண்டு கொண்டிருந்த வேளையில், வெற்றிலைத் தட்டிற் கிடக்கும் ஒரு சாதாரணப் பாக்கைக் கண்டு இவ்வளவு தூரம் மகிழ ஒருவரால் முடிந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். அவரது வாழ்க்கை முழுவதற்கும் இச்சிறு நிகழ்ச்சியே ஒரு சான்றாகும்.

காலிபின் மதுப் பழக்கத்தைப் பற்றிப் பேசாமல் அவரது வாழ்க்கையைக் கூற முடியாது. இஸ்லாத்தில் மது விலக்கப்பட்டது என்பதை அவர் நன்கறிவார். அதனை மறைத்தோ, மார்க்கத்தில் ஏதேனும் சமாதானம் தேடியோ அவர் அருந்தவில்லை. தாம் பாவி என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். இரவில் குறித்த அளவு மதுவைப் பன்னீர் கலந்து அருந்துவதே அவரது வழக்கம். பேழையின் திறவுகோலை வைத்திருந்த பணியாளுக்கு, போதையில் தாமே கேட்டாலும் மேலதிகமாகத் தரக்கூடாது என அவர் உத்தரவிட்டிருந்தார். தொழுகையில் தவறாத மனைவியார் தம் உணவுப் பாத்திரங்களை வேறாக வைத்துக்கொண்டார். அதனைக் காலிப் குறையாகக் கொள்ளவுமில்லை, கணவரை அந்த அம்மையார் கைவிடவுமில்லை. இப்பழக்கத்தை நாம் போற்றவில்லை. ஆனால், தமது பலவீனத்துக்குப் புனிதச் சாயம் பூசாத அந்த நேர்மை, ஒழுக்கத்தைப் பற்றி உரத்துப் பேசும் பலரிடம் காணக் கிடைக்காதது என்பதை மறுப்பதற்கில்லை.

ரமழான் மாதமொன்றில் அவர் தமது சிறிய அறையில் நண்பருடன் விளையாடிக்கொண்டிருந்தபோது, மார்க்க அறிஞரான முப்தி ஸத்ருத்தீன் அங்கு வந்தார். ரமழானில் ஷைத்தான் விலங்கிடப்படுவதாகக் கூறும் ஹதீஸில் தமக்கு ஐயம் வந்துவிட்டதாக அவர் கேலி செய்தார். ஹதீஸ் முற்றிலும் சரியானதே, ஷைத்தான் அடைக்கப்பட்டிருக்கும் அறை இதுதான் எனக் காலிப் பதிலிறுத்தார். சமயத்தையோ பிறரையோ இழிவுபடுத்தாமல் தம்மையே நகைப்புக்கு இலக்காக்கிக் கொள்வது அவருடைய பாணி. மாம்பழத் தோலைக் கழுதை முகர்ந்துவிட்டு உண்ணாமற் சென்றதைக் காட்டி, கழுதைகூட இப்பழத்தை உண்பதில்லை என ஒரு நண்பர் குத்திக்காட்டியபோது, ஆம், கழுதைகள் உண்பதில்லைதான் என அவர் அமைதியாக ஒப்புக்கொண்ட கதை வட இந்தியாவில் இன்றும் பேசப்படுகின்றது.

1847 ஆம் ஆண்டில் சூதாட்டக் குற்றச்சாட்டில் அவர் கைது செய்யப்பட்டார். ஆறு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, மூன்று மாதங்களில் விடுதலையானார். உயர்குடியிற் பிறந்தவர் என்ற பெருமையோடு வாழ்ந்தவருக்கு அது பேரிடியாக அமைந்தது. நெருங்கியோர் பலர் ஒதுங்கிக்கொண்ட அவ்வேளையில், காலே ஸாஹிப் என அழைக்கப்பட்ட ஆன்மிகப் பெரியாரின் இல்லத்தில் அவர் தங்கினார். காலே என்ற சொல் கறுப்பு நிறத்தைக் குறிக்கும். விடுதலைக்காக வாழ்த்துத் தெரிவிக்க வந்தவரிடம், விடுதலை எங்கே, முன்னர் வெள்ளையரின் சிறையிலிருந்தேன், இப்போது கறுப்பரின் சிறையிலிருக்கிறேன் எனக் காலிப் கூறினாராம். அவமானத்தால் உள்ளம் நொந்திருந்த வேளையிலும் அவரது நா நகைச்சுவையை மறக்கவில்லை.

1850 ஆம் ஆண்டில் கடைசி முகலாய மன்னர் பஹதூர் ஷா ஸபர் அவருக்குப் பட்டங்கள் வழங்கி, தைமூர் வம்சத்தின் வரலாற்றை எழுதும் பணியையும் ஒப்படைத்தார். மாதம் 50 ரூபா என்ற ஊதியம் ஆறு மாதங்களுக்கு ஒருமுறையே கைக்கு வந்தது. இறந்தவர்களுக்கு ஆறாவது மாதத்திற் செய்யும் சடங்கோடு இதனை ஒப்பிட்டு, உயிரோடிருக்கும் தமக்கும் அதே முறையா என வினவும் வேடிக்கைக் கவிதையொன்றை அவர் மன்னருக்கு விண்ணப்பமாகச் சமர்ப்பித்தார். நோன்பு துறக்க வீட்டில் ஏதேனும் இருப்பவர் நோன்பு நோற்கலாம், ஒன்றுமில்லாதவர் என்ன செய்வார் என்ற பொருளில் அமைந்த இன்னொரு கவிதையும் உண்டு. சிரிப்பை மூட்டும் இக்கவிதைகளின் அடியில் வறுமையின் வலி இருப்பதை வாசகர் உணராமல் இருக்க முடியாது. 1854 இல் அரசவைக் கவிஞர் ஸவ்க் மறைந்ததும் மன்னரின் கவிதை ஆசானாகக் காலிப் நியமனம் பெற்றார். அந்த நிம்மதி நீடித்தது மூன்றாண்டுகளுக்கும் குறைவான காலமே.

1857 மே மாதத்தில் மூண்ட கிளர்ச்சி டில்லியின் முகத்தையே மாற்றியது. செப்டெம்பரில் நகரை மீளக் கைப்பற்றிய ஆங்கிலேயப் படையினர் கொலையிலும் கொள்ளையிலும் ஈடுபட்டனர். நகர மக்கள் வெளியேற்றப்பட்டனர். முஸ்லிம்கள் திரும்பி வருவதற்கு நீண்ட காலம் தடை இருந்தது. காலிப் குடியிருந்த பல்லிமாறான் பகுதித் தெரு, பாட்டியாலா மன்னரின் காவலர்களால் பாதுகாக்கப்பட்டமையால் அவர் உயிர் தப்பினார். ஆனால், நெடுங்காலம் மனநோயால் பீடிக்கப்பட்டிருந்த அவரது தம்பி மிர்சா யூஸுப் ஒக்டோபர் மாதத்தில் இறந்தார். கபன் துணி வாங்கக் கடையில்லை, குழி தோண்ட ஆளில்லை. அயலவர் சிலரின் உதவியுடன் வீட்டிலிருந்த வெள்ளை விரிப்புகளில் ஜனாஸாவைச் சுற்றி, அருகிலிருந்த பள்ளிவாசல் வளவில் அடக்கம் செய்தனர்.

அவருடைய கவிதைகளுக்கும் அழிவு நேர்ந்தது. தம் படைப்புகளின் பிரதிகளைத் தம்மிடம் வைத்துக்கொள்ளும் வழக்கம் காலிபுக்கு இருந்ததில்லை. அவற்றைச் சேகரித்து வைத்திருந்த நண்பர்களின் நூலகங்கள் கொள்ளையிடப்பட்டன. பின்னொருநாள் பிச்சைக்காரரொருவர் எங்கிருந்தோ எழுதி வாங்கிவந்த அவரது கவிதையைக் காட்டியபோது தமக்கு அழுகை வந்ததாக அவர் கடிதமொன்றில் தெரிவித்துள்ளார். நூல்களை நெருப்புக்குக் கொடுத்த அனுபவமுள்ள எமக்கு இத்துயரம் அந்நியமானதன்று.

அந்நாட்களில் ஒருமுறை அவர் அயலவர்களுடன் கேணல் பேர்ன் என்ற அதிகாரியின் முன் கொண்டுசெல்லப்பட்டார். முஸ்லிமா என்ற கேள்விக்கு, பாதி முஸ்லிம் என அவர் விடையளித்தார். விளக்கம் கேட்டபோது, மது அருந்துவேன், பன்றி இறைச்சி உண்ணமாட்டேன் என்றார். அதிகாரி சிரித்துவிட்டார். காலிப் வீடு திரும்பினார். உயிர் ஊசலாடிய நேரத்திற் பிறந்த அந்த நகைச்சுவையை வெறும் வேடிக்கை எனத் தள்ளிவிட முடியாது.

அவரை வீரராகச் சித்திரிப்பது எமது நோக்கமன்று. முகலாய அவையில் இடம்பெற்றிருந்தவர், கிளர்ச்சியின் பின்னர் ஆங்கிலேயரின் தயவை நாடி விக்டோரியா மகாராணியைப் புகழ்ந்து பாடினார். 1858 இல் வெளிவந்த தஸ்தம்பூ என்ற அவரது பாரசீக நாட்குறிப்பும் ஆட்சியாளரை மனதிற்கொண்டே எழுதப்பட்டது. நிறுத்தப்பட்ட மானியத்தைத் திரும்பப் பெறவேண்டிய நெருக்கடி அவருக்கு இருந்தது. 1860 இல் அது மீண்டும் கிடைத்தது. அதற்கு முன்னரே, 1859 முதல், ராம்பூர் நவாப் மாதந்தோறும் 100 ரூபா அனுப்பி உதவினார்.

சிதறிப்போன நண்பர்களை இணைத்து வைத்தவை அவரது கடிதங்களே. எதிரில் அமர்ந்து உரையாடுவது போன்ற எளிய நடையில் எழுதப்பட்ட அவை, உருது உரைநடைக்கே புதிய வழியைத் திறந்தன. இடிக்கப்பட்ட கடைவீதிகள், விலைவாசி, ஒழுகும் கூரை, தீர்ந்துபோன மது, நண்பரொருவர் அனுப்பிய மாம்பழங்கள் ஆகிய யாவும் அவற்றில் இடம்பெற்றன. மழை ஓய்ந்த பின்னும் தம் வீட்டுக் கூரை ஓயாமற் பெய்வதாக அவர் எழுதினார். கடிதம் பெற்றவர்களில் இந்துக்களும் முஸ்லிம்களும் இருந்தனர். அவரது மாணவரான ஹர்கோபால் தப்தாவை அவர் மிர்சா தப்தா என்றே உரிமையோடு அழைத்தார். நகரம் அடைபட்டிருந்த காலத்தில் அவருக்கு மது கிடைக்கச் செய்தவர் மகேஷ் தாஸ் என்ற இந்து நண்பர் ஆவார்.

சேர் செய்யித் அஹ்மத் கானுடன் அவருக்கிருந்த மனக்கசப்பையும் நகைச்சுவையே தீர்த்து வைத்தது. செய்யித் அஹ்மத் கான் பதிப்பித்த பழைய முகலாய நூலுக்கு முன்னுரை கேட்கப்பட்டபோது, கடந்த காலத்தையே நோக்கிக்கொண்டிருப்பதைக் காலிப் அதிற் கண்டித்தார். அம்முன்னுரை நூலிற் சேர்க்கப்படவில்லை. 1860 இல் ராம்பூரிலிருந்து திரும்பும் வழியில் முராதாபாத்தில் அவர் செய்யித் அஹ்மத் கானின் இல்லத்தில் தங்க நேர்ந்தது. கவிஞரின் மதுப்போத்தலை வீட்டுக்காரர் கண்ணிற் படாத இடத்தில் எடுத்து வைத்திருந்தார். அதனைத் தேடிப் பெற்ற காலிப், உயர்த்திப் பார்த்து, இதில் யாரோ நம்பிக்கை மோசடி செய்திருக்கிறார்கள் என்றாராம். மதுவைத் தொடாத அப்பெரியார் வாய்விட்டுச் சிரித்தார். பல்லாண்டுக் கசப்பு அத்துடன் நீங்கியது.

1869 பெப்ரவரி 15 ஆம் திகதி காலிப் காலமானார். நிஸாமுத்தீன் பகுதியில் அவரது அடக்கஸ்தலம் உள்ளது. இறுதிக் காலத்தில் உடல்நலம் விசாரித்த ஒருவருக்கு, என்னிடம் கேட்பானேன், ஓரிரு நாட்களில் அயலவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என அவர் பதில் சொல்லியனுப்பியதாக அறிகின்றோம். அவரது வாழ்க்கை வரலாற்றை 1897 இல் வெளியிட்ட மாணவர் ஹாலி, மார்க்கப் பற்று மிக்கவர். ஆசானின் குறைகளை அவர் மறைக்கவில்லை. அதேவேளை, மனிதனைப் பேசும் விலங்கு என்று சொல்வதுபோல், காலிபை நகைக்கும் விலங்கு என்று சொல்லலாம் என எழுதினார். இதனினும் பொருத்தமான புகழுரை அவருக்கு இருக்க முடியாது.

காலிபின் கிண்ணத்தை நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால், ஒரு பழத்தின் சுவையையும், ஒரு நண்பரின் கடிதத்தையும், ஒரு நல்ல வேடிக்கையையும் துன்பம் தம்மிடமிருந்து பறித்துச் செல்ல அவர் இடமளிக்கவில்லை என்பதை நாம் எடுத்துக்கொள்ளலாம். அவர் சிரித்தது இழந்தவர்களை மறந்ததனால் அன்று. எஞ்சியவர்களோடு தொடர்ந்து வாழவேண்டியிருந்ததனாலேயே அவர் சிரித்தார். இழப்புகளைச் சுமந்து நிற்கும் எமது வீடுகளிலும் அத்தகைய சிரிப்புக்கு இடமிருக்க வேண்டும் என்பதே எமது அவா.