உலோகச் சிறகு விரித்தவர்

நுழையும்முன்

வானூர்தி என்றவுடன் பளபளக்கும் உலோக உடல் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால், தொடக்கக்கால வானூர்திகள் மரத்தாலும் துணியாலும் ஆனவை. கனமான உலோகம் பறக்காது என்று வல்லுநர் பலர் கருதிய காலத்தில், உலோகத்தின் இயல்பைக் கற்று, அதனைச் சிறகாக்கியவர் செருமானியப் பொறியாளர் ஹியூகோ யுங்கர்ஸ். அவரது வாழ்வின் வெற்றியையும் இழப்பையும் அறிவோம்.

இளமையும் கல்வியும்

ஹியூகோ யுங்கர்ஸ் 1859ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள், செருமனியின் ரைன் நிலப்பகுதியில் உள்ள ரைட் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் நெசவாலை நடத்தியவர். தறிகளின் ஓசைக்கிடையே வளர்ந்த யுங்கர்சின் மனம் நூலைவிட எந்திரத்தையே நாடியது. பெர்லின், கார்ல்சுருகே, ஆகன் ஆகிய நகரங்களில் பொறியியல் பயின்று 1883இல் பட்டம் பெற்றார். பின்னர் டெஸ்ஸாவ் நகருக்குச் சென்று, எரிவளியால் இயங்கும் எந்திரங்களை ஆராய்ந்தார்.

எரிவளி எவ்வளவு வெப்பம் தருகிறது என்பதை அளந்தறியும் கருவி ஒன்றை உருவாக்கி, 1892இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். வெப்பத்தை அளக்கத் தெரிந்தவருக்கு அதனை வீணாக்காமல் பயன்படுத்தவும் தெரிந்திருந்தது. 1895இல் டெஸ்ஸாவில் ஒரு நிறுவனம் தொடங்கி, எரிவளியால் குளியல்நீரைச் சூடாக்கும் கருவிகளைச் செய்து விற்றார். 1897 முதல் 1912 வரை ஆகன் தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியராகவும் பணியாற்றினார். மெல்லிய தகட்டை வளைக்கவும் பற்றவைக்கவும் கைதேர்ந்த தொழிலாளர் குழு ஒன்று அவரது நீர்சூடேற்றிப் பட்டறையில் உருவானது. வானூர்தி வரலாற்றுக்கு அடித்தளமிட்டவர்கள் அவர்களே.

ஐம்பதில் தொடங்கிய கனவு

ஆகன் கல்லூரியில் உடன் பணியாற்றிய பேராசிரியர் ஹான்ஸ் ரைஸ்னர் வானூர்தி ஆய்வில் ஈடுபட்டிருந்தார். அவருக்கு உதவப் புகுந்த யுங்கர்சை அத்துறை ஈர்த்துக்கொண்டது. அப்போது அவர் ஐம்பது வயதை எட்டியிருந்தார்.

அக்கால வானூர்திகளின் குறைகளை அவர் கூர்ந்து நோக்கினார். மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பியது, வெயிலில் சுருங்கியது. பசையால் ஒட்டிய இணைப்புகள் காலப்போக்கில் விட்டுப்போயின. துணி எளிதில் தீப்பற்றியது. இறக்கைகளைத் தாங்க வெளியே கட்டிய கம்பிகளும் முட்டுக்கழிகளும் காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைத்தன. இறக்கையைத் தடிப்பாக அமைத்து, தாங்கும் சட்டங்களை அதன் உள்ளேயே வைத்தால் வெளிக்கம்பிகள் தேவைப்படா என்று எண்ணினார். 1910இல் இக்கருத்துக்குக் காப்புரிமை பெற்றார்.

எஃகுச் சிறகு

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915ஆம் ஆண்டு, டிசம்பர் 12ஆம் நாள், ஜே 1 என்னும் வானூர்தி தரையிலிருந்து எழுந்தது. முழுவதும் உலோகத்தால் ஆகி, வெளிக்கம்பித் தாங்கல் இன்றிப் பறந்த முதல் வானூர்தி அது. அதன் மேலுறை மிக மெல்லிய எஃகுத் தகடு. பிறர் அதனைத் தகரக் கழுதை என்று ஏளனமாக அழைத்தனர். கழுதையோ மணிக்கு ஏறத்தாழ 170 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக் காட்டியது.

எனினும் ஏளனத்தில் ஓர் உண்மையும் இருந்தது. ஜே 1 மிகவும் கனமானது. உயரே ஏறத் திணறியது. யுங்கர்ஸ் குறையை மறைக்கவில்லை. பறக்கும் ஊர்திக்கு எஃகு ஏற்ற பொருளன்று என்பதை ஏற்று, வேறு உலோகத்தைத் தேடினார்.

பொருளும் வடிவமும்

விடை செருமனியிலேயே இருந்தது. 1906இல் ஆல்ஃபிரட் வில்ம் என்னும் உலோகவியலாளர், அலுமினியத்துடன் ஏறத்தாழ 4 விழுக்காடு செம்பும் சிறிதளவு மக்னீசியமும் கலந்து, சூடாக்கி, விரைந்து குளிர்வித்தார். குளிர்ந்தவுடன் மென்மையாக இருந்த அக்கலவை, சில நாள்களில் தானாகவே உறுதி பெற்றிருந்தது. இதுவே துராலுமின். இதன் உறுதி மென்னெஃகுக்கு நிகரானது. எடையோ எஃகில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.

ஆனால், மெல்லிய தகடு எளிதில் மடங்கும். இதற்கு யுங்கர்ஸ் கண்ட தீர்வை நாமும் செய்து பார்க்கலாம். ஒரு தாளின் ஓரத்தைப் பிடித்தால் மறுமுனை தொங்கிவிடும். அதே தாளை விசிறிபோல் மடித்துப் பிடித்தால் ஓர் எழுதுகோலையும் தாங்கும். கூரைக்கு நெளிதகடு போடுவதும் இதனால்தான். யுங்கர்ஸ் துராலுமின் தகட்டை நெளிவித்து, நெளிவுகள் காற்றோட்டத்தின் திசையிலேயே அமையுமாறு பொருத்தினார். எடை கூடாமலேயே விறைப்பு கூடியது.

தெரியுமா?

துராலுமினால் செய்த தறையாணிகளைச் சூடாக்கிக் குளிர்வித்த சிறிது நேரத்திற்குள் அறைந்துவிட வேண்டும். இல்லையெனில் அவை இறுகிவிடும். அவ்வாறு இறுகாமலிருக்க அவற்றைக் குளிர்பெட்டியில் வைத்துக் காப்பர்.

மக்களுக்காக ஒரு வானூர்தி

போர்க்காலத்தில் யுங்கர்சின் தொழிற்சாலை படைக்கும் வானூர்திகள் செய்தது. போர் முடிந்ததும் அவர் பயணிகளை நோக்கித் திரும்பினார். 1919ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள், எஃப் 13 பறந்தது. ஓட்டுநர் இருவரும், மூடிய அறையில் பயணிகள் நால்வரும் செல்லக்கூடிய அதுவே, உலகின் முதல் முழு உலோகப் பயணிகள் வானூர்தி. முந்நூற்றுக்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. தென் அமெரிக்காவின் கொலம்பியாவில், மக்தலேனா ஆற்றின் நீர்ப்பரப்பில் மிதவைகளுடன் இறங்கி ஏறிய எஃப் 13 வானூர்திகள், பல நாள் படகுப் பயணத்தைச் சில மணி நேரமாகச் சுருக்கின. மரத்தை உளுக்கச் செய்யும் வெப்பமும் ஈரமும் உலோக உடலை அத்துணை எளிதில் வெல்ல இயலவில்லை.

எனினும், உலோகத்துக்கும் நோய் உண்டு. துராலுமினுக்கு உறுதி தரும் செம்பே, ஈரம் படும்போது அரிமானத்துக்கும் வழிவகுக்கிறது. அரிமானம் உலோகத்தின் நுண்மணிகளுக்கிடையே ஊடுருவி, வெளியே தெரியாமல் உள்வலிமையைத் தின்றுவிடும். எனவே, தூய அலுமினிய மேலுறையும் பாதுகாப்புப் பூச்சும் பின்னர் வழக்கத்துக்கு வந்தன. மீண்டும் மீண்டும் சுமை ஏறி இறங்குவதால் நுண்விரிசல் தோன்றி வளர்வது உலோக அயர்வு. 1954இல் காமெட் வகை வானூர்திகள் வானிலேயே சிதறியதற்கு இதுவே காரணமென ஆய்வில் தெரிந்தது. இன்று பெருகிவரும் கரிம இழைக் கூட்டுப்பொருள்கள் உலோகம்போல் அரிக்கப்படுவதில்லை. ஆயினும், ஒரு மோதல் அவற்றின் அடுக்குகளை உள்ளே பிரித்துவிட்டு, மேற்பரப்பில் சிறு தடயத்தையே விட்டுச் செல்லக்கூடும். ஆகவேதான் பராமரிப்புப் பொறியாளர்கள் தட்டி ஓசை கேட்டும் மீயொலி செலுத்தியும் வானூர்தியின் உடலை ஆராய்கின்றனர்.

பறிக்கப்பட்ட பெயர்

1928இல், யுங்கர்சின் பிரெமன் என்னும் வானூர்தி அயர்லாந்திலிருந்து புறப்பட்டு, அட்லாண்டிக் பெருங்கடலைக் கிழக்கிலிருந்து மேற்காக இடைநில்லாது கடந்த முதல் வானூர்தியாயிற்று. புகழ் வளர்ந்தது, செல்வம் வளரவில்லை. ஆராய்ச்சிக்கே பெரும்பொருள் செலவிட்ட அவரை உலகப் பொருளாதார நெருக்கடி தாக்கியது. தம் வானூர்திப் பணியைக் காக்க, முதன்முதலில் தொடங்கிய நீர்சூடேற்றி நிறுவனத்தை 1932இல் விற்றார்.

அடுத்த ஆண்டு நாஜிகள் ஆட்சிக்கு வந்தனர். படைப்பெருக்கத்துக்கு அவரது தொழிற்சாலைகள் அவர்களுக்குத் தேவைப்பட்டன. தேசத் துரோகக் குற்றம் சுமத்துவதாக மிரட்டி, முதலில் காப்புரிமைகளையும், பின்னர் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளையும் பறித்தனர். தாம் வளர்த்த டெஸ்ஸாவில் நுழையவும் அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. காவலுக்குட்பட்ட முதியவராக, 1935ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள், தம் எழுபத்தாறாம் பிறந்தநாளன்றே அவர் காலமானார்.

அவருக்குப் பின் அத்தொழிற்சாலைகளிலிருந்து குண்டுவீச்சு வானூர்திகள் வெளிவந்தன. அவற்றின் பெயரில் முதல் இரண்டு எழுத்துகள் யுங்கர்சைக் குறித்தன. அவற்றை உருவாக்குவதில் அவருக்குப் பங்கில்லை; தடுக்கவும் அவர் உயிரோடில்லை. நால்வரை ஏற்றிச் செல்லவும், நகரை எரிக்கவும் துராலுமின் ஒன்றுபோலவே வளைந்து கொடுத்தது. எதனைத் தாங்க வேண்டும் என்பதை உலோகம் முடிவு செய்வதில்லை. அதனை ஆள்பவரே முடிவு செய்கின்றனர்.