ஒளிக்கு அளவு கண்ட தையற்காரர் மகன்

பிரான்சு, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் எல்லைகளும் நெருங்கி வரும் பகுதியில் மூல்ஹவுஸ் என்றோர் ஊர் இருக்கிறது. இன்று அது பிரான்சைச் சேர்ந்தது. 1728-ல் சுவிஸ் மக்களோடு உடன்படிக்கை செய்துகொண்ட தனி நகரமாக விளங்கியது. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்கள் 26-ஆம் நாள், அங்கே ஓர் ஏழைத் தையற்காரரின் மகனாகப் பிறந்தார் யோஹான் ஹைன்ரிஷ் லாம்பெர்ட்.

குடும்பம் பெரிது, வருவாய் சிறிது. பன்னிரண்டாம் வயதில் லாம்பெர்ட்டின் பள்ளிப் படிப்பு நின்றுபோயிற்று. பகலில் தந்தைக்குத் துணையாக ஊசியும் நூலும், இரவில்தான் புத்தகம். பின்னர் ஓர் இரும்பு ஆலையில் கணக்கெழுதினார். பதினேழாம் வயதில் பாசல் நகரில் ஒரு செய்தித்தாள் ஆசிரியரிடம் செயலாளராக அமர்ந்தார். 1748-ல் கூர் என்னும் மலைநகரில் ஃபொன் சாலிஸ் என்ற பிரபு குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வீட்டு ஆசிரியர் ஆனார். அந்த வீட்டில் ஓர் அருமையான நூலகம் இருந்தது. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த நேரம் போக மீதி நேரமெல்லாம் அந்த நூலகத்தில் கழிந்தது. அவருக்கு அந்தப் பத்து ஆண்டுகளே கல்லூரியாயின.

1760-ல் ஃபோட்டோமெட்ரியா என்னும் நூலை இலத்தீன் மொழியில் எழுதி ஆக்ஸ்பர்க் நகரில் வெளியிட்டார். ஒளியை அளப்பது எப்படி என்பதே அதன் பொருள். அளப்பதற்கு அவரிடம் என்ன கருவி இருந்தது? மெழுகுவர்த்தி, கண்ணாடித் துண்டு, வில்லை, வெள்ளைத் தாள், தம்முடைய இரு கண்கள், அவ்வளவே! ஒரு விளக்கு மற்றொன்றைப் போல் எத்தனை மடங்கு பிரகாசம் என்று நம் கண்ணால் சொல்ல முடியாது. ஆனால் பக்கத்தில் பக்கத்தில் உள்ள இரண்டு வெளிச்சங்கள் சமமா, இல்லையா என்று நன்றாகச் சொல்லும். லாம்பெர்ட் இதைப் பிடித்துக்கொண்டார். இரண்டும் சமமாகத் தெரியும் வரை மெழுகுவர்த்திகளை நகர்த்தி வைத்து, தூரத்தை அளந்து, மற்றதைக் கணக்கால் கண்டுபிடித்தார். இன்றைய ஆய்வுக்கூடத்தில் இத்தனை எளிய சாமான்களோடு ஒருவர் வந்து நின்றால் நாம் அவரை உள்ளே விடுவோமா என்பது சந்தேகமே.

அந்நூலிலுள்ள ஒரு விதியை நீங்களே சோதித்துப் பார்க்கலாம், தோழியரே. இருட்டறையில் டார்ச் விளக்கின் ஒளியை ஒரு வெள்ளைத் தாளின்மீது நேராக அடியுங்கள். வட்டமாக விழும். தாளைச் சாய்த்தால் வட்டம் நீண்டு முட்டை வடிவாகி, வெளிச்சம் மங்கும். தாளை 60 பாகை சாய்த்தால் அதே ஒளி இருமடங்கு பரப்பில் பரவுவதால், ஓரிடத்தில் விழும் வெளிச்சம் சரிபாதியாகிவிடும். சாய்வுக் கோணத்தின் கொசைன் எவ்வளவோ, வெளிச்சமும் அவ்வளவே. சுண்ணாம்பு அடித்த சுவரைப் போன்ற, பளபளப்பில்லாத பரப்பிலிருந்து திரும்பும் ஒளியையும் இக்கணக்கால் அளக்கலாம் என்றார் அவர். ஒரு பரப்பிலிருந்து கிளம்பும் ஒளியில் எத்தனை பங்கு எதிரிலுள்ள இன்னொரு பரப்பைச் சென்று சேரும் என்பதற்கும் வழி சொன்னார்.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பிறந்த இந்தக் கணக்கு இன்று எங்கே பயன்படுகிறது தெரியுமா? அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில். சூரியனுக்குள் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஆற்றல் பிறப்பதைப் போன்ற இணைவை இங்கே பூமியில் நடத்திப் பார்க்க முயல்கிறார்கள். உட்புறம் தங்கம் பூசிய, சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு சிமிழ். அதன் நடுவே கடுகளவு உருண்டை ஒன்று. அதற்குள் டியூட்டிரியமும் டிரிட்டியமும் உறைந்திருக்கின்றன. சிமிழின் இரு முனைகளிலும் துளைகள் உண்டு. 192 லேசர் கற்றைகள், முனைக்கு 96 வீதம், இத்துளைகள் வழியே பாய்ந்து உட்சுவரைத் தாக்குகின்றன. சுவர் சூடேறி எக்ஸ் கதிர்களை வீசுகிறது. அவை உருண்டையை எல்லாப் பக்கமிருந்தும் நெருக்குகின்றன.

எல்லாப் பக்கமும் ஒரே அளவாக நெருக்க வேண்டும் என்பதில்தான் சிரமமே இருக்கிறது. ஒரு பக்கம் கூடினால், கைக்குள் அழுத்திய மாவுருண்டை விரலிடுக்கில் பிதுங்குவதுபோல் உருண்டை பிதுங்கிவிடும், இணைவு நிகழாது. துளையைப் பெரிதாக வைத்தால் கற்றைகள் எளிதாக நுழையும். ஆனால் உள்ளே பிறந்த வெப்பம் அதே வழியாக வெளியே ஓடிவிடும். சிறிதாக வைத்தால் கற்றை விளிம்பில் உரசும். 3 மில்லிமீட்டர் அகலத் துளை என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 பாகை சாய்ந்து வரும் கற்றைக்கு அது ஒரு பக்கம் சுமார் 2 மில்லிமீட்டராகக் குறுகித் தெரியும். இதுவும் அதே கொசைன் கணக்குத்தான்!

ஒரு முறை சுட்டால் சிமிழ் ஆவியாகிப் போய்விடும். தவறைத் திருத்த இரண்டாம் வாய்ப்பு இல்லை. அதனால் உண்மையில் சுடுவதற்கு முன்பே கணிப்பொறிக்குள் சுட்டுப் பார்க்கிறார்கள். அதற்கென்றே மென்பொருள்கள் உள்ளன; விஸ்ராட் என்பது அவற்றில் ஒன்று. சிமிழையும் அதைத் தாங்கும் தண்டையும் சுற்றியுள்ள அளவு கருவிகளையும் கணிப்பொறித் திரையில் முப்பரிமாணமாக நிறுத்தி, ஒவ்வொரு கற்றையையும் குறிவைத்துப் பார்க்கலாம். எந்தக் கற்றை விளிம்பைத் தொடுகிறது, எது கருவியின் குறுக்கே போகிறது, எங்கே எவ்வளவு இடைவெளி மிஞ்சுகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். பிறகு சுவரைச் சிறுசிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் மற்றத் துண்டுகளுக்கும் நடுவிலுள்ள உருண்டைக்கும் எத்தனை பங்கு கதிரை அனுப்புகிறது என்று கூட்டிப் பார்க்கிறது கணிப்பொறி. அந்தப் பங்குக் கணக்கின் வேர் 1760-ஆம் ஆண்டு நூலில் இருக்கிறது.

2022 டிசம்பர் 5-ஆம் நாள் லிவர்மோரில் 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலைச் செலுத்தி 3.15 மெகாஜூல் இணைவு ஆற்றலைப் பெற்றார்கள். லேசரை இயக்கச் சுமார் 300 மெகாஜூல் மின்சாரம் செலவாயிற்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வீட்டு விளக்குக்கு இந்த ஆற்றல் வர இன்னும் வெகுதூரம் போக வேண்டும். ஆயினும் அன்று உருண்டை பிதுங்காமல் நெருங்கியது பெரிய காரியந்தான்.

லாம்பெர்ட் 1764-ல் பெர்லினுக்குச் சென்றார். அங்கே மன்னர் இரண்டாம் பிரெடரிக் தம் கழகத்தில் அறிஞர்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார். லாம்பெர்ட்டின் உடையும் நடையும் விநோதமாக இருக்கும். அவரைப் பார்த்ததும் மன்னர் முகம் சுளித்துவிடுவாரோ என்று அஞ்சிய நண்பர்கள், விளக்குகளை அணைத்து இருட்டிலேயே அவரை மன்னர்முன் நிறுத்தினார்கள் என்று ஒரு கதை உண்டு. என்ன தெரியும் என்று கேட்ட மன்னரிடம், எல்லாம் தெரியும் என்று கூசாமல் சொன்னாராம். யாரிடம் கற்றீர் என்றதற்கு, தாமே கற்றதாகச் சொன்னாராம். மன்னருக்கு முதலில் பிடிக்கவில்லை. இருந்தும் 1765-ல் கழகத்தில் இடம் கொடுத்தார். பிறகு அவருடைய அருமையை அறிந்துகொண்டார்.

கணிதத்தில் பை என்னும் எண்ணை எந்தப் பின்னத்தாலும் சரியாக எழுத முடியாது என்று முதலில் நிறுவியவரும் லாம்பெர்ட்டே. 22/7 என்று நாம் எழுதுவது வசதிக்காக மட்டுமே. 1772-ல் அவர் வகுத்த நிலப்பட முறை விமானிகளின் வரைபடங்களில் வழங்குகிறது. மேல்வகுப்பு வேதியியலில் வரும் பீர்–லாம்பெர்ட் விதியிலுள்ள லாம்பெர்ட்டும் இவர்தாம். நியாயமாகப் பார்த்தால் அவ்விதியில் பிரான்சு நாட்டுப் புகேரின் பெயர் முதலில் நிற்க வேண்டும். 1729-லேயே அவர் அதைக் கண்டுவிட்டார். லாம்பெர்ட் தம் நூலில் புகேரை மறக்காமல் குறிப்பிட்டிருக்கிறார். பிற்காலத்தவர்தாம் மறந்தார்கள்.

இளமையில் பட்ட பாடோ, ஓயாத உழைப்போ, உடல் தளர்ந்தது. காசநோய் பற்றியது. 1777 செப்டம்பர் 25-ஆம் நாள் பெர்லினில், நாற்பத்தொன்பதாம் வயதில், லாம்பெர்ட் இறந்தார். ஒளியை அளந்ததைப் போலவே வெப்பத்தையும் அளக்க எண்ணி அவர் எழுதி வந்த பைரோமெட்ரி என்னும் நூல், இரண்டு ஆண்டுகள் கழித்து 1779-ல் வெளிவந்தது.