யார் இந்த வாவிலோவ்? உலகமெல்லாம் விதை சேர்த்தவர் சிறையில் பட்டினியால் இறந்தது ஏன்?

சாம்பாருக்கு மைசூர் பருப்பு போடுறோமே, அது முதன்முதலில் எந்த ஊர்க் காட்டில் முளைத்தது? இப்படி ஒவ்வொரு பயிருக்கும் பிறந்த ஊரைத் தேடி அலைந்தவர்தான் ரஷ்ய விஞ்ஞானி நிகோலாய் வாவிலோவ்.

1887-ல் மாஸ்கோவில் பிறந்தார். விவசாயம் படித்துவிட்டு, 1913-ல் இங்கிலாந்து போய் மரபியல் அறிஞர் வில்லியம் பேட்சனிடம் பயின்றார். 1916-ல் ஈரான், பாமிர் மலை. அதுக்கப்புறம் மனிதர் ஓரிடத்தில் நிற்கவே இல்லை. ஆப்கானிஸ்தான், எத்தியோப்பியா, ஜப்பான், மெக்சிகோ, தென் அமெரிக்கா என்று போன இடமெல்லாம் விதை சேகரித்தார். 1940-க்குள் லெனின்கிராடில் அவர் நிறுவனத்தில் சேர்ந்த மாதிரிகள் சுமார் 2.5 லட்சம்!

எதுக்கு இவ்வளவு விதை?

காட்டுப் பருப்புச் செடியில் காய் முற்றினால் வெடிச்சு விதை சிதறிடும். வெடிக்காத காயாகப் பார்த்துப் பார்த்து விதைத்துத்தான் மனிதன் அதைப் பயிராக்கினான். அப்படிப் பொறுக்கும்போது நோயைத் தாங்கும் குணம், வறட்சியைத் தாங்கும் குணம் எனப் பலதும் கைவிட்டுப் போயின. அவை இன்னமும் காட்டுச் சொந்தங்களிடமும் பழைய நாட்டு ரகங்களிடமும் இருக்கு. ஒரு பயிரில் எங்கே ரகங்கள் அதிகமோ அங்கேதான் அது பிறந்திருக்கும் என்று 1926-ல் வாவிலோவ் எழுதினார்.

அவர் மனைவி எலெனா பருலினாவும் விஞ்ஞானிதான். மைசூர் பருப்பைப் பற்றி 1930-ல் பெரிய நூலே எழுதினார். இந்துகுஷ், இமயமலைப் பக்கம்தான் அதன் தாயகம் என்பது அவர் கணிப்பு. ஆனா பிந்தைய ஆய்வுகள் துருக்கி, சிரியா பக்கம் வளரும் காட்டு இனத்தையே மூதாதை என்று காட்டின. ரகம் அதிகம் இருக்கும் இடமெல்லாம் பிறந்த இடம் ஆகிவிடாது என்பதற்கு இந்தப் பருப்பே சாட்சி.

சிக்கல் வேறு ரூபத்தில் வந்தது. மரபியலே பொய், சூழலை மாற்றினால் பயிரின் குணத்தை மாற்றிவிடலாம் என்றார் லைசென்கோ. சீக்கிரம் விளைச்சல் வேண்டும் என்ற ஸ்டாலினுக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது. லைசென்கோவை எதிர்த்த வாவிலோவை 1940 ஆகஸ்டில் கைது செய்தார்கள். அடுத்த ஆண்டு மரண தண்டனை. பிறகு அது 20 ஆண்டு சிறையாகக் குறைந்தது.

அதே நேரத்தில் ஜெர்மன் படை லெனின்கிராடைச் சுற்றி வளைத்தது. 872 நாள் முற்றுகை. ஊரே பட்டினி. நிறுவன ஊழியர்கள் மூட்டை மூட்டையாகத் தானியத்துக்கு நடுவில் இருந்தும் அதைத் தொடவில்லை. நிலக்கடலைப் பிரிவைப் பார்த்துக்கொண்ட அலெக்சாண்டர் ஷ்சுகின், அரிசிப் பிரிவின் திமித்ரி இவானோவ் உள்பட பலர் பசியிலேயே இறந்தார்கள்.

வாவிலோவ் இருந்தது சராத்தோவ் சிறையில். போர் காரணமாக இடம்பெயர்ந்த எலெனாவும் மகனும் வந்து சேர்ந்ததும் அதே சராத்தோவ்தான்! கணவர் மாஸ்கோ சிறையில் இருப்பதாக நினைத்து, இல்லாத வீட்டில் மிச்சம் பிடித்து அங்கே பார்சல் அனுப்பிக்கொண்டிருந்தார் எலெனா. சில தெரு தள்ளியிருந்த சிறையில், 1943 ஜனவரி 26-ல் வாவிலோவ் பட்டினியால் இறந்தார். வயது 55.

1955-ல் அவர் குற்றமற்றவர் என அறிவித்தது சோவியத் அரசு. கணவரின் எழுத்துக்களைத் தொகுக்கும் வேலையில் இறங்கிய எலெனா, 1957-ல் காலமானார்.