கவிதை வாங்கித் தந்த வீடு

பிரெஞ்சு இலக்கியத்தின் பேராளுமையான விக்டர் ஹியூகோ, தமது 54-ஆவது வயதில்தான் முதன்முதலாக ஒரு வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆனார். பாரிஸில் புகழின் உச்சியில் இருந்த காலமெல்லாம் அவர் வாடகை வீடுகளிலேயே வாழ்ந்தார். முதல்முறையாகச் சொந்த வீடு வாங்கியதோ தாய்நாட்டில் அன்று. பிரிட்டிஷ் மகுடத்துக்கு உட்பட்ட கெர்ன்சி என்னும் சிறு தீவில். அந்த வீட்டைத் தேடி அவர் அலைந்த கதை, நாடிழந்த மனிதனுக்கு நான்கு சுவர்கள் என்னவாக இருக்க முடியும் என்பதைச் சொல்லும் கதையாகும்.

1802-இல் பிறந்த ஹியூகோ இளமையிலேயே கவிஞராகவும் நாடக ஆசிரியராகவும் புகழ்பெற்றார். 1841-இல் பிரெஞ்சு அகாதெமியின் உறுப்பினரானார். 1848 புரட்சிக்குப் பின் நாடாளுமன்றத்தில் அமர்ந்தார். அவ்வாண்டு குடியரசுத் தலைவர் தேர்தலில் லூயி நெப்போலியனை ஆதரித்தவர்களுள் அவரும் ஒருவர். அந்தத் தலைவரே 1851 டிசம்பர் 2 அன்று குடியரசைக் கவிழ்த்து அதிகாரத்தைக் கைப்பற்றியபோது, ஹியூகோ எதிர்த்து நின்றார். எதிர்ப்பு நசுக்கப்பட்டது. சில நாள்களில், ஓர் அச்சுத் தொழிலாளியின் பெயரிலான கடவுச்சீட்டுடன் ரயிலேறி பிரஸ்ஸல்ஸ் சென்று சேர்ந்தார். அடுத்த ஆண்டு ஜூன் மாதம், பாரிஸ் வீட்டில் அவர் விட்டுவந்த தட்டுமுட்டுச் சாமான்களும் கலைப்பொருள்களும் ஏலத்தில் விற்கப்பட்டன. திரும்பிச் செல்ல வீடென்று ஒன்று அவருக்கு அதன்பின் இருக்கவில்லை.

பெல்ஜியம் அவருக்கு நிலையான புகலிடமாகவில்லை. புதிய ஆட்சியாளரைக் கடுமையாகச் சாடி அவர் எழுதிய நூல் 1852-இல் வெளிவர இருந்தது. பிரான்ஸின் சினத்துக்கு ஆளாகப் பெல்ஜிய அரசு விரும்பவில்லை. நிலைமையை உணர்ந்த ஹியூகோ தாமே புறப்பட்டு ஜெர்சி தீவை அடைந்தார். அங்கே கடலை நோக்கிய ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, மூன்றாண்டுகள் குடும்பத்துடன் வாழ்ந்தார்.

ஆனால், அகதியின் பாதுகாப்பு அரசுகளின் நட்பு பகையைப் பொறுத்தது. கிரிமியப் போரில் பிரிட்டனும் பிரான்ஸும் கைகோத்தன. 1855-இல் மூன்றாம் நெப்போலியன் லண்டனுக்கும், விக்டோரியா அரசி பாரிஸுக்கும் மாறிமாறி விருந்தாளிகளாகச் சென்றனர். அரசியின் பயணத்தை எள்ளி எழுதப்பட்ட ஒரு கடிதத்தை ஜெர்சியில் இருந்த அகதிகளின் பத்திரிகை வெளியிட்டது. அதற்குப் பொறுப்பானவர்கள் தீவிலிருந்து விரட்டப்பட்டனர். கடிதத்தோடு ஹியூகோவுக்குத் தொடர்பில்லை. எனினும், விரட்டப்பட்டவர்களுக்காக அவரும் பிற அகதிகளும் கண்டன அறிக்கையில் கையொப்பமிட, அவர்களும் வெளியேற ஆணை வந்தது. 1855 அக்டோபர் 31 அன்று ஹியூகோ அருகிலிருந்த கெர்ன்சியில் கரையிறங்கினார். நான்கே ஆண்டுகளில் நான்காவது மண்!

இம்முறை அவர் வாடகை வீட்டோடு நிற்கவில்லை. கெர்ன்சியின் பழைய நார்மானியச் சட்டமரபில், தீவில் வீட்டுடைமை கொண்டவரை வெளியேற்றுவது எளிதன்று என்பதை அறிந்துகொண்டார். சொத்துரிமையே தங்கும் உரிமையாகவும் இருந்தது. இதற்குத் தேவையான பணத்தை அவருக்குத் தந்தது கவிதை. 1856 ஏப்ரலில் வெளியான 'லே கோந்தாம்ப்ளாசியோன்' தொகுப்பு விரைவிலேயே விற்றுத் தீர்ந்தது. 1843-இல் சேன் ஆற்றில் மூழ்கி இறந்த மூத்த மகள் லெயோபோல்தினின் நினைவைச் சுற்றி அமைந்த நூல் அது. ஒரு தந்தையின் துயரம் ஈட்டித் தந்த பணத்தில், அதே ஆண்டு மே 16 அன்று செயின்ட் பீட்டர் போர்ட் நகரின் மேட்டுத் தெருவில் உள்ள 'ஓத்வில் இல்லம்' அவருக்கு உரிமையானது. தீவின் பழைய வழக்கப்படி, நிலவுடைமையாளர் என்ற முறையில் ஆண்டுதோறும் இரண்டு கோழிகளுக்கான வரியை அரசிக்குச் செலுத்தும் குடியானார் அவர். அரசியின் ஆட்சிக்குட்பட்ட ஒரு தீவிலிருந்து விரட்டப்பட்டவர், மற்றொரு தீவில் அவருக்கே வரி செலுத்தி நிலைபெற்றார்.

வாங்கிய வீட்டை அவர் ஒரு நூலைப் போல இழைத்து இழைத்து உருவாக்கினார். தீவின் பண்ணை வீடுகளில் கிடந்த பழைய மரப்பெட்டிகளை வாங்கிப் பிரித்து, தாமே வரைந்த வடிவங்களின்படி தச்சர்களைக்கொண்டு சுவர்ப்பலகைகளாகவும் இருக்கைகளாகவும் மாற்றினார். உணவறைச் சுவர்களில் டெல்ஃப்ட் ஓடுகளைப் பதித்தார். உச்சியில் கண்ணாடி அறை ஒன்றைக் கட்டினார். வானம் தெளிந்த நாள்களில் அங்கிருந்து பிரான்ஸின் கரை தெரியும். காலை வேளைகளில் அங்கே நின்றபடியே எழுதுவார். பல்லாண்டுகள் பெட்டியில் கிடந்த 'லே மிசெராப்ள' கையெழுத்துப் பிரதியை 1860-இல் மீண்டும் கையில் எடுத்தது இவ்வீட்டில்தான். 1862-இல் வெளியான அந்த நாவலே, சுத்தானந்த பாரதியாரின் மொழியாக்கத்தில் 'ஏழை படும் பாடு' என்று தமிழரிடம் வந்து சேர்ந்தது.

அந்தப் பாதுகாப்புக்கு அவரது குடும்பம் கொடுத்த விலையும் பெரிது. தீவின் தனிமை மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தாங்க முடியாததாயிற்று. இளைய மகள் அடேல் 1863-இல் ஓர் ஆங்கிலேய இராணுவ அதிகாரியைத் தேடிக் கடல்கடந்து சென்று, பின்னர் மனநலம் குன்றிய நிலையில் திரும்பினார். மனைவி 1868-இல் பிரஸ்ஸல்ஸில் காலமானார். 1859-இல் மூன்றாம் நெப்போலியன் பொதுமன்னிப்பு அறிவித்தபோதே ஹியூகோ பாரிஸ் திரும்பியிருக்கலாம். சுதந்திரம் திரும்பும்போதே தாமும் திரும்புவதாகக் கூறி அவர் மறுத்தார். சொந்தக் கூரை ஒன்று இருந்ததால்தான் அந்த மறுப்பில் அவரால் உறுதியாக நிற்க முடிந்தது எனலாம்.

1870-இல் பேரரசு வீழ்ந்த மறுநாளே, செப்டம்பர் 5 அன்று, அவர் பாரிஸ் திரும்பினார். 1885-இல் அவர் மறைந்தபோது பெருநகரமே திரண்டு வழியனுப்பியது. கெர்ன்சி வீட்டை அவரது வழித்தோன்றல்கள் 1927-இல் பாரிஸ் மாநகருக்கு அளித்தனர். இன்று அது அருங்காட்சியகமாக விளங்குகிறது.

புகலிடம் என்பது அறத்தால் கிடைக்க வேண்டியது. ஹியூகோவுக்கு அது பத்திரப்பதிவால் கிடைத்தது. அவரோடு ஜெர்சியிலிருந்து விரட்டப்பட்ட எல்லாரிடமும் விற்றுத் தீரும் கவிதைநூல் இருந்திருக்க முடியாது. வசதி படைத்தோருக்கு முதலீட்டின் பெயரால் வசிப்புரிமை வழங்கும் நாடுகள், வெறுங்கையுடன் வருபவரை எல்லையிலேயே நிறுத்துவதை இன்றும் காண்கிறோம். ஏழைக் குழந்தைகளைத் தம் வீட்டுக்கு வாரந்தோறும் அழைத்து உணவளித்த ஹியூகோ, அந்த வேறுபாட்டை நன்கு உணர்ந்தே இருந்திருப்பார்.