தம்பி நாயுடு

அந்நிய நாட்டிலே குடியேறிய மக்கள் தங்கள் குறையை ஆள்வோர் செவியில் ஏற்றுவது எவ்வாறு? சொந்த நாட்டில் வாழ்வோர்க்கே இது எளிதன்று. வாக்குரிமையின்றி, நிறத்தால் இகழப்பட்டு, கூலி என்ற ஒரே பெயரால் அழைக்கப்பட்டு வாழ்ந்தோர்க்கு இது எத்துணை அரிது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அத்தகையோரை ஒழுங்குபடுத்தித் தென்னாப்பிரிக்க சர்க்காரை எதிர்த்து நிற்கச் செய்தவருள் முன்வரிசையில் வைத்துப் போற்றத்தக்கவர் தம்பி நாயுடு.

தென்னேரி முதலிய ஏரிக்கரையூர்களில் வாழ்வோர்க்கு இது தூரதேசத்துக் கதையன்று. 1860 முதல் 1911 வரை நெட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்ற இந்தியர் சுமார் 1,52,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். செங்கற்பட்டு, வட ஆர்க்காடு ஜில்லாக்களைச் சேர்ந்தோரும் அவர்களுள் பலர்.

நாயுடு 1875-ஆம் வருஷம் மொரிஷியஸ் தீவில் பிறந்தார். பெற்றோர் சென்னை மாகாணத்திலிருந்து அங்குக் குடியேறியவர்கள். 1889-ஆம் வருஷம் சிறுவராகவே தென்னாப்பிரிக்கா சேர்ந்த அவர், பின்னர் ஜோஹான்ஸ்பர்க் நகரில் வியாபாரமும், வண்டிகளில் சரக்கேற்றும் தொழிலும் நடத்தினார். பள்ளிக்கூடக் கல்வி அவருக்கு வாய்க்கவில்லை. ஆயினும் ஆங்கிலம், தமிழ், ஹிந்துஸ்தானி, தெலுங்கு, மொரிஷியஸ் தீவின் கிரியோல் ஆகிய பாஷைகளை அனுபவத்தாலேயே கற்றுக்கொண்டார். பல பாஷை பேசும் இந்தியரை ஒன்றுகூட்டும் வேலைக்கு அவரினும் பொருத்தமானவர் கிடைத்தல் அரிது. கூட்டத்திற்குத் தலைமை வகிப்பதும் வீதியில் மூட்டை சுமப்பதும் அவருக்கு ஒன்றே.

1907-ஆம் வருஷம் டிரான்ஸ்வால் சர்க்கார் ஆசியர் பதிவுச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தனர். இந்தியர் ஒவ்வொருவரும் குற்றவாளிபோல் பத்து விரல் ரேகையும் பதித்துச் சீட்டுப் பெற வேண்டும். போலீஸார் கேட்டபோதெல்லாம் அதனைக் காட்ட வேண்டும். இச்சட்டத்திற்கு அடிபணிவதில்லையென இந்தியர் 1906 செப்டம்பர் 11-ஆம் தேதி ஜோஹான்ஸ்பர்க் நாடகசாலையொன்றில் கூடிக் கடவுள் சாட்சியாகச் சபதம் செய்திருந்தனர். சபதம் செய்வது ஒரு நாள் காரியம். அதைக் காப்பது பல மாத காரியம். பதிவு நிலையங்களின் அருகே தொண்டர்களை நிறுத்தும் ஏற்பாடு அதற்காகவே தோன்றியது. ஜோஹான்ஸ்பர்க்கில் அத்தொண்டர்களின் தலைவர் நாயுடு.

அத்தொண்டர்க்கு இடப்பட்ட விதிகள் ஊன்றிக் கவனிக்கத்தக்கவை. பதிவு செய்யச் செல்வோரிடம் சட்டத்தின் தீமையைப் பணிவுடன் எடுத்துரைக்கலாம். அதற்கு மேல் ஒன்றும் செய்தலாகாது. கேளாமல் செல்வோரைத் தடுக்கலாகாது. பிறர் துன்புறுத்துவார்களென அவர்கள் அஞ்சினால் துணையாய்ச் செல்லவும் வேண்டும். போலீஸார் வைதாலும் அடித்தாலும் பொறுத்தல் வேண்டும். கைது செய்தால் மகிழ்ச்சியோடு உடன்படல் வேண்டும். சுமார் 13,000 இந்தியரில் பதிவு செய்துகொண்டோர் ஏறக்குறைய 500 பேரே. இவ்வெற்றியை நாம் வெறும் உற்சாகத்தின் பயன் என்று கொள்ளோம். அது கட்டுப்பாட்டின் பயன்.

இங்கே ஓர் உண்மையை நாம் மறைத்தலாகாது. நாயுடு இயல்பிலே முன்கோபி. அக்கோபமும் அவசரமும் இல்லாதிருந்தால் டிரான்ஸ்வால் இந்தியரின் தலைமை முழுவதும் அவர் கைக்கு எளிதில் வந்திருக்கும் என்பது மகாத்மா காந்தியின் கருத்து. கோபமே வரக்கூடாத வேலைக்குக் கோபக்காரர் தலைவரானார்! சாந்தம் பிறவியிலேயே வாய்த்தவர் சாந்தமாயிருப்பதில் வியப்பில்லை. உள்ளே கொதிப்பவர் பொதுநன்மைக்காகத் தம்மை அடக்கி நிற்பதே தவம். அத்தவத்தை அவர் வீதியிலும் சிறையிலும் செய்தார்.

1908 ஜனவரியில் அவர் சிறை புகுந்தார். அம்மாதம் 28-ஆம் தேதி ஜெனரல் ஸ்மட்ஸுக்கு அனுப்பிய சமாதானக் கடிதத்தில் கையெழுத்திட்டவர் மூவர்: காந்தி, சீனர் தலைவரான லியங் குவின், நாயுடு. அச்சமாதானத்தைத் துரோகமெனக் கருதிய மீர் ஆலம் என்பவரும் அவர் தோழரும் பிப்ரவரி 10-ஆம் தேதி காந்தியைத் தாக்கியபோது, உடன்சென்ற நாயுடுவும் அடிபட்டுக் காயமுற்றார். சர்க்கார் வாக்குத் தவறினர் என்று கண்ட இந்தியர், ஆகஸ்டு 16-ஆம் தேதி ஹமீதியா மசூதித் திடலில் 2,000-க்கு மேற்பட்ட பதிவுச் சீட்டுகளைத் தீக்கிரையாக்கினர். அதன்பின் நாயுடு சிறை சென்று மீள்வதும், மீண்டும் செல்வதுமாய் வருஷங்கள் கழிந்தன, தொழில் சீர்குலைந்தது.

1913-ஆம் வருஷம் போராட்டம் நெட்டாலுக்குப் பரவியது. ஒப்பந்தம் முடிந்தும் அங்கே தங்கிய ஏழைகள் ஆண்டுதோறும் 3 பவுன் தலைவரி செலுத்த வேண்டும். மாதம் 10 ஷில்லிங்கில் வேலை தொடங்கியவர்களுக்கு இது ஆறு மாதக் கூலிக்குச் சமம். அவ்வருஷம் மார்ச்சில் கிறிஸ்தவ முறைப்படி நடவாத விவாகங்கள் செல்லாவென நீதிமன்றமும் தீர்ப்பளிக்கவே, பெண்களும் களத்தில் இறங்கினர். டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட தமிழ்ப் பெண்களில் நாயுடுவின் மனைவி வீரம்மாள் ஒருவர். கைக்குழந்தை ஏந்திய தாய்மாரும் இருந்தனர். அவர்கள் அனுமதியின்றி எல்லை கடந்தும், லைசென்ஸின்றிப் பண்டம் விற்றும் போலீஸார் கைது செய்யாமல் விட்டனர். எனவே நாயுடுவும் அவர்களும் நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று தொழிலாளரிடம் தமிழிலேயே நிலைமையை விளக்கினர். அக்டோபர் மத்தியில் வேலைநிறுத்தம் மூண்டது, ஆயிரக்கணக்கானோர் வெளியேறினர்.

நவம்பர் 6-ஆம் தேதி 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் டிரான்ஸ்வால் எல்லையை நோக்கி நடந்தனர். நாளொன்றுக்கு ஒருவருக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டி, ஓர் அவுன்ஸ் சர்க்கரை. வழியில் பிறர் பொருளைத் தொடக்கூடாது. தலைவர் கைதானாலும் நடை நிற்கக்கூடாது. இவ்வாறு அனைத்தும் முன்னரே வகுக்கப்பட்டிருந்தன. 1914-ஆம் வருஷத்து இந்தியர் நிவாரணச் சட்டம் தலைவரியை ஒழித்தது, விவாகங்களை அங்கீகரித்தது. அதற்காக நாகப்பன், நாராயணசாமி, வள்ளியம்மை ஆகியோர் உயிர் நீத்தனர்.

அவ்வருஷம் ஜூலையில் காந்தி விடைபெற்றபோது, நாயுடு தம்பதிகள் தங்கள் புதல்வர் நால்வரைத் தேசசேவைக்கென அவரிடம் ஒப்படைத்தனர். நாயுடு 1933-ஆம் வருஷம் அக்டோபரில் காலமானார். அவர் மகன் நாராயணசாமி 1946-ஆம் வருஷத்துச் சாத்வீக எதிர்ப்பில் கலந்துகொண்டார். பேரன் இந்திரஸ் பத்தாண்டுகள் ராபன் தீவுச் சிறையில் வாடினார். நிறபேத ஆட்சி 1994-இல் மறைந்தது.

இன்றும் தமிழர் பல தேசங்களில் வாழ்கின்றனர். நியாயம் கோரி வீதியில் நிற்கவேண்டிய சமயங்களும் அவர்களுக்கு வருகின்றன. கூட்டம் சேர்ப்பது அரிதன்று. சேர்ந்த கூட்டத்துக்கு உணவும் விதியும் வகுத்தல், தன்னோடு சேராதவனுக்கும் வழிவிடுதல், தலைவனின் கோபத்தைத் தலைவனே அடக்குதல் ஆகிய இவையே அரியவை. இவற்றைச் செய்து காட்டியவர் பட்டம் பெற்ற பண்டிதரல்லர். வண்டித் தொழில் நடத்திய ஒரு தமிழர். அவர் பெயரை நம் இளைஞர்கள் மறவாதிருப்பார்களாக.